வீட்டுக் கை

தம்பி, ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க. எனக்குக் காத்து ஆகாது. இந்தப் பைய மட்டும் இடிக்காம உக்காருங்க, அது போதும். மேல வைக்கறதா? மேலெல்லாம் வைக்கக் கூடாதுங்க, மடியிலதான் இருக்கணும். என்ன இருக்குதுன்னு அப்புறம் சொல்றேன். கோயமுத்தூருக்குத்தானே போறீங்க? நேரம் நெறையக் கெடக்குது.

கழுத்து என்னாச்சுங்க? டிக்கெட் வாங்கறப்ப பாத்தேன். கண்டக்டரைப் பாக்க உடம்பு முழுசையும் திருப்புனீங்க, கழுத்து மட்டும் வரலை. எனக்கு இதெல்லாம் பாத்த ஒடனே தெரிஞ்சு போயிரும். ஆஸ்பத்திரியில மேனேஜரா இருந்தவனுங்க நான், ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச நாள்ல இருந்து. எந்த ஆஸ்பத்திரியா? உடுமலையில சந்தைக்குப் போற ரோட்டுல, கைராசி டாக்டர்னு போர்டு பாத்திருப்பீங்களே. பெரிய உள்ளங்கை வரைஞ்சிருக்கும். அதேதான். அவரு என்ற தங்கச்சி வீட்டுக்காரரு. திருமூர்த்தின்னு பேரு. போன மாசம் தவறிட்டாருங்க. மத்தியானம் சாப்பிட்டு, கை கழுவிட்டு, சித்த நேரம் படுக்கறேன்னு போனவருதான். தலகாணி இல்லாம நேராப் படுத்திருந்தாரு. போறப்பக்கூட முதுகு கோணலை.

இருங்க, மூக்கைத் தொடச்சுக்கறேன். நல்ல மனுசனுங்க. அவரு மேல எனக்கு ஒரே ஒரு குறைதான். அதையும் சொல்றேன். மொதல்ல என்ற தங்கச்சியப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்கு மத்தது விளங்கும்.

தங்கச்சி பேரு மயிலாத்தா. மயிலான்னு கூப்பிடுவோம். தங்கமான புள்ளை, அதுல சந்தேகமே இல்லை. ஆனா கை ராசியில்லைங்க. நான் சொல்லலை, ஊரே சொல்லும். ஊருக்குச் சொன்னது நாந்தான், அது வேற. அவ பொறந்த அன்னிக்குக் கெணத்து மோட்டார் பொகைஞ்சு போச்சு. அவ கையால வெதை எடுத்துக் குடுத்த வருசம் நெலக்கடலை மொளைக்கவேயில்லை. வெதையில பாதி புழுத்துக் கெடந்துச்சுன்னு எங்கய்யன் சொல்லுவாரு, இருக்கட்டும். நான் மொத மொதல்ல டெம்போ வாங்குனப்ப சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சது அவதான். அன்னிக்குச் சாயங்காலமே வண்டி புளியமரத்துல மோதிருச்சு. ஓட்டுனது நாந்தான். அப்ப எனக்கு லைசென்ஸ் இல்லை. இருந்தாலும் பழம் அவ கைப்பழந்தானுங்களே?

அதுக்கப்புறம் நான் உசாராயிட்டேன். வீட்டுல நல்ல காரியம்னா அவளைச் சமையக்கட்டுக்கு அனுப்பிருவேன். என்ற கல்யாணத்துல தாம்பூலத் தட்டை அவ தொடவேயில்லை. அடுப்புக்கிட்ட உக்காந்து அப்பளம் பொரிச்சுட்டிருந்தா. கோவிச்சுக்கவும் இல்லை. ஒரு அப்பளங்கூடக் கருகலைன்னு சமையக்காரரு பாராட்டுனாரு.

இப்படியே வயசு ஏறிப் போச்சுங்க அவளுக்கு. வர்ற எடமெல்லாம் தட்டிப் போச்சு. அந்தச் சமயத்துலதான் பல்லடத்துப் பக்கம் ஒரு மாப்பிள்ளை, வெளிநாட்டுல படிச்ச டாக்டருன்னு சேதி வந்துச்சு. பொண்ணு பாக்க வந்தாங்க. நான் முன்யோசனையா ஒரு வேலை செஞ்சேன். காபித் தட்டை என்ற சம்சாரத்துக்கிட்டக் குடுத்து அனுப்புனேன். மயிலா கை படாம இருந்தா இந்த எடமாவது கூடி வரட்டும்னுதான். மாப்பிள்ளை நிமிந்து பாத்தாரு. இவங்கதான் பொண்ணான்னு கேட்டாரு. இல்லீங்க, என்ற சம்சாரம்னேன். அவரு டம்ளரைத் தொடவேயில்லை. பொண்ணு கையால குடிக்கலாம்னுதான் வந்தேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு.

எனக்கு மனசுல எதையும் மறைச்சு வெச்சுக்கத் தெரியாதுங்க. பின்னால ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாருங்க. அவரைத் தனியா வாசலுக்குக் கூட்டிட்டுப் போயி, மோட்டார், நெலக்கடலை, டெம்போ எல்லாத்தையும் ஒண்ணுவிடாமச் சொல்லிட்டேன். கை ராசியில்லீங்கன்னு சொன்னேன். அவரு ரொம்ப அக்கறையாக் கேட்டுக்கிட்டாரு. நோயாளி சொல்றதைக் கேக்கற மாதிரி. கேட்டுட்டு, "எந்தக் கைங்க? வலதா, இடதா?" அப்படின்னாரு.

ரெண்டுந்தானுங்கன்னேன்.

"அப்ப ரெண்டு கையாலயும் குடுக்கச் சொல்லுங்க."

மயிலா ரெண்டு கையாலயும் டவராவோட டம்ளரைப் பிடிச்சுட்டு வந்தா. வந்து சேர்றதுக்குள்ள பாதிக் காபி டவராவுல. அவரு டவராவுல இருந்ததையும் சேத்துக் குடிச்சுட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாரு. இந்தக் காலத்துலயும் இப்படி வெவரமில்லாத ஆளு இருக்குதான்னு எனக்குப் பாவமாப் போச்சு.

அவரு படிச்ச படிப்புக்குப் பேரு கைரோபிராக்டர். மருந்து இல்லை, ஊசி இல்லை, எண்ணெய்கூட இல்லை. முதுகெலும்ப ஒவ்வொண்ணா வெரல்ல தடவிட்டே வருவாரு. எடம் மாறியிருக்கற எலும்பு வந்தா ஒரே அழுத்து. சடக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான் வைத்தியம். சலூன்ல முடி வெட்டிட்டு இதைச் சும்மாவே செஞ்சு விடறானே, இதுக்கு எதுக்கு மாப்பிள்ளை ஆஸ்திரேலியா வரைக்கும் போனீங்கன்னு எங்கய்யன் கேட்டாரு. சலூன்காரரு சத்தத்துக்காகத் திருப்பறாரு மாமா, நான் திருப்பாம விடறதுக்கும் சேத்துப் படிச்சிருக்கேன்னாரு. எங்கய்யனுக்குப் புரியலை. எனக்கும்தான். மேனேஜரா இருந்ததால நான் புரிஞ்ச மாதிரி இருந்துக்கிட்டேன்.

கோமங்கலம் தாண்டிருச்சு. பைய அமுக்கறீங்க தம்பி, கொஞ்சம் நகந்துக்கங்க.

ஆஸ்பத்திரிக்குப் போர்டு எழுதற பொறுப்பு என்னுது. மாப்பிள்ளை அந்தப் பேரைத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு. அது சட்டைப் பையோட தொவைக்கப் போயிருச்சு. பெயிண்டர் பொன்னுரங்கத்தை டீக்கடையில பாத்து வாயிலயே சொன்னேன், கைரோபிராக்டர்னு. பக்கத்துல மாவு மில்லு ஓடிக்கிட்டிருக்குது. கைராசி டாக்டரான்னு அவன் கத்தறான். ஆமா, அதேதான்னு நானும் கத்துனேன். மறுநாளு போர்டு வந்துச்சு பாருங்க, மஞ்சள் எழுத்து, நடுவுல பெரிய உள்ளங்கை, அதைச் சுத்தி சூரியன் மாதிரிக் கதிரு. மாப்பிள்ளை அதைப் பாத்துட்டு அப்படியே ரோட்டோரமா உக்காந்துட்டாரு. அழுகறாராக்கும்னு நெனச்சேன். சிரிப்புங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பு. மயிலாவும் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கறா. அவ அப்படிச் சிரிச்சு நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்லை.

போர்டை மாத்தலாம்னுதான் சொல்லிட்டிருந்தாரு. அதுக்குள்ள ஜனம் வந்துருச்சு. மொதல்ல வந்தவன் புது பைக் வாங்குனவன். உங்க கையால ஒருக்கா சாவியத் தொட்டுக் குடுங்க டாக்டர்ங்கறான். மாப்பிள்ளை தொட்டாரு. தொட்டுட்டு, "பின்னாடி வண்டி வந்தா எப்படிப் பாப்பீங்க? திரும்பிக் காட்டுங்க" அப்படின்னாரு. அவனுக்கு உங்களாட்டம் கழுத்துத் திரும்பலை. ராசிய நான் பாத்துக்கறேன், கழுத்தையும் கொஞ்சம் பாத்துரலாம், உக்காருங்கன்னாரு. சடக். அவன் ரோட்டுல போறப்ப தேவையில்லாமப் பின்னாடி திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனான்.

அன்னியில இருந்து ஒரே கூட்டம். வெதை மூட்டைய எடுத்துட்டு வருவாங்க, அவங்களுக்கு இடுப்புப் புடிச்சிருக்கும். கடைக்கு மொத போணி பண்ணச் சொல்லி வருவாங்க, அவங்களுக்குத் தோள் எறங்கியிருக்கும். ராசிக்குன்னு வந்தவங்கள்ல ஒருத்தரையும் மாப்பிள்ளை வெறும் முதுகோட திருப்பி அனுப்புனதில்லை. வெதையும் மொளைச்சுது, கடையும் ஓடுச்சு. இடுப்பு நேரா இருக்கறவன் நாலு வேலை கூடச் செய்யறான், வேறென்னன்னு சொல்லுவாரு. ஆனா ராசி அவரு கையில இல்லைன்னும் சொல்லுவாரு. என்னையப் பாத்துச் சொல்லுவாரு, அதுதான் முக்கியம். யாராவது வந்து உங்க கையே கை டாக்டருன்னு கும்பிட்டா, என்ற பக்கம் திரும்பி, "எல்லாம் உங்க வீட்டுக் கை மச்சான்" அப்படிம்பாரு.

எங்க வீட்டுக் கை. போர்டு எழுதி வெச்ச கை எதுங்க? என்னுதுதானே? அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போயிரும். நான் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போற வரைக்கும் வேற என்ன செய்யறேன், அந்தக் கைராசிக்காகத்தானே உக்காந்திருக்கேன்னு தோணும்.

குடும்பம்னா அவருக்கு உசுருங்க. மகள் யாழினி பள்ளிக்கூடம் போன காலத்துல அவ பைய இவருதான் தூக்கிட்டுப் போவாரு. புள்ளை தோள் எறங்கிரும்னு. கோட்டுப் போட்ட டாக்டரு பூப்போட்ட பையோட ரோட்டுல போவாரு, ஊரே சிரிக்கும். வாத்தியாரு கேட்டா, புத்தகம் அவ படிக்கறதுக்கு, சுமக்கறதுக்கு நான் இருக்கேன்னுட்டாரு. தலை பின்னி விடறதும் அவருதான், இழுத்துப் பின்னுனா கழுத்துக்கு ஆகாதாம். மயிலா ஒரே இடுப்புல கொடம் தூக்குனா பின்னாடியே போயி, எடம் மாத்து, எடம் மாத்துன்னு சொல்லிட்டு வருவாரு. அப்புறம் அவரே வாங்கித் தூக்கிக்குவாரு. சாயங்காலம் விளக்கு வெச்சா ஆஸ்பத்திரியில இருக்க மாட்டாரு. மந்திரியே வந்தாலும் நாளைக்குத்தான். மயிலா காய் அரிய, இவரு பக்கத்துல உக்காந்து தேங்கா துருவ, அன்னிக்கு வந்த முதுகுங்களைப் பத்திப் பேசிட்டே இருப்பாங்க. பொண்டாட்டிகிட்டப் பேச இத்தனை விசயம் ஒரு மனுசனுக்கு எங்க இருந்து வருதுன்னு எனக்கு வெளங்கவேயில்லை.

இப்ப என்ற குறையச் சொல்றேன். ஊருல இருக்கற அத்தனை கழுத்தையும் தொட்டவரு, என்ற கழுத்தை மட்டும் தொடவேயில்லை. எனக்கு வலப்பக்கம் திரும்பாது. டெம்போ மோதுனதுல இருந்தே அப்படித்தான். பல தடவை போயி உக்காந்திருக்கேன். அவரு பின்னாடி நின்னு வெரல்ல லேசாத் தடவிப் பாப்பாரு, பெருமூச்சு விடுவாரு. "நெறையக் கழுத்தைப் பாத்தாச்சு மச்சான். இது ஒரே பக்கமாப் பாத்துப் பாத்து நின்னு போன கழுத்து. இதை நான் திருப்பக் கூடாது. தானாத்தான் திரும்பணும்." அவ்வளவு அபூர்வமான கழுத்துன்னு நானும் எல்லார்கிட்டயும் பெருமையாத்தான் சொல்லிக்குவேன். ஆனா உள்ளுக்குள்ள வருத்தந்தான். சொந்த மச்சானுக்கு ஒரு சடக்கு இல்லையான்னு.

பொள்ளாச்சியில வண்டி நின்னப்ப நீங்க காபி குடிக்க எறங்கலியே, கேக்கணும்னு நெனச்சேன். என்ற கதை அவ்வளவு புடிச்சுப் போச்சா? சரி.

காரியமெல்லாம் முடிஞ்சு ஆஸ்பத்திரிய மறுபடியும் தொறக்கணும். யாழினி, அப்பன் படிச்சதையே படிச்சிருக்குது, இனி அதுதான் உக்காரப் போவுது. யாரு தொறக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. அம்மா தொறக்கட்டும் மாமான்னுச்சு யாழினி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நான் பக்குவமாத்தான் சொன்னேன். கண்ணு, ஒங்கம்மாவுக்கு முன்னயே ராசி கம்மி, இப்ப இந்த நெலமையில அவ கையால தொறந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க, நீ பொழைக்க வேண்டிய புள்ளை, மாமன் நான் எதுக்கு இருக்கேன்னேன். யாழினிக்கு மொகம் செவந்து போச்சு. ஏதோ சொல்ல வாயெடுத்துச்சு. மயிலாதான் அது கையப் புடிச்சு நிறுத்துனா. இடுப்புல சொருகியிருந்த சாவிய எடுத்து எங்கிட்ட நீட்டுனா. "நீயே தொறண்ணா" அப்படின்னா. என்னமோ தெரியலை, ஒதட்டோரத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சு. அவளும் ஒத்துக்கிட்டான்னு சந்தோசப்பட்டேன்.

காலையில வெள்ளை வேட்டி கட்டிட்டுப் போனா, ரோடு நெறைய ஜனங்க. டாக்டரு போனதுல இருந்து ஒருத்தரும் ஒண்ணும் ஆரம்பிக்கலையாம். ஒருத்தன் டிராக்டர் வாங்கி ஷெட்டுலயே நிறுத்தி வெச்சிருக்கான். ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க கூறைப் புடவைய எடுத்துட்டு வந்திருக்காங்க. வெதை மூட்டை ஒரு பக்கம். எல்லாரும் கதவையே பாத்துட்டு நிக்கறாங்க. நான் பூட்டுல சாவியப் போட்டுத் திருப்புனேன். திரும்பலை. மறுபடியும் போட்டேன், திரும்பலை. பெரிய பழைய பூட்டுங்க, பித்தளை. இழுத்தேன், குலுக்குனேன், அடிச்சேன். வேட்டி அவுந்துச்சு, பூட்டு அவுறலை. அத்தனை வருசம் மேனேஜரு, பூட்டைத் தொறக்கத் தெரியலைன்னு யாரோ சிரிக்கறது கேக்குது. நான் போறப்ப எப்பவும் தொறந்துதானுங்க இருக்கும்.

"மெதுவாண்ணா" அப்படின்னுட்டு மயிலா கையக் கட்டிக்கிட்டு நிக்கறா.

எனக்கு வேர்த்துக் கொட்டுது. பூட்டையே மாத்திரலாம், இது கெட்டுப் போச்சுன்னு சொன்னேன். அப்பத்தான் பின்னாடி வலப்பக்கத்துல இருந்து ஒரு குரல். எதுத்தாப்ல டீக்கடை வெச்சிருக்கற காதர் பாய். "பூட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. அதை அம்மாதானே தொறப்பாங்க. ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச நாள்ல இருந்து தெனம் அம்மாதான் தொறப்பாங்க. டாக்டரு பின்னாடி கையக் கட்டிட்டு நிப்பாரு. அவங்க கை படாம ஒரு நாளும் உள்ள கால் வெச்சதில்லையே."

நான் திரும்புனேனுங்க. யாரு சொன்னதுன்னு பாக்க வெடுக்குன்னு திரும்புனேன். வலப்பக்கம்.

சடக்.

எல்லாருக்கும் கேட்டுச்சு. யாழினி, மாமா அப்படியே நில்லுங்க, அசையாதீங்கன்னு ஓடி வந்துருச்சு. தொட்டுப் பாத்துட்டு, சரியாப் போச்சு மாமாங்குது. சொல்றப்பவே அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்குங்கூட. அந்தப் பக்கம் பாத்து எத்தனை வருசமாச்சு. ஜனமெல்லாம் நின்னுட்டிருந்தது அந்தப் பக்கந்தான். ஒருத்தரும் என்னையப் பாக்கலை. எல்லாரும் மயிலாவைப் பாத்துட்டு நின்னாங்க.

மயிலா வந்தா. பூட்டை ஒரு கையால கீழ இருந்து தாங்கிப் புடிச்சா, நீங்க இப்ப ஒரு கையால தாடையத் தாங்கிட்டிருக்கீங்களே, அந்த மாதிரி. லேசா இடப்பக்கம் சாய்ச்சு, அது எளகற வரைக்கும் சும்மா இருந்தா. அப்புறம் ஒரே திருப்பு. தொறந்துருச்சு. அவரு கத்துக் குடுத்ததுதான். அவரு கழுத்தைப் புடிக்கற அதே புடி. தொறந்ததும் அவ உள்ள போகலை. பழக்கமா ஒதுங்கி நின்னு பின்னாடி திரும்பிப் பாத்தா. அவரு வருவாருன்னு பாத்திருப்பா போல. அங்க யாருமில்லை. அப்பத்தானுங்க அழுதா. இத்தனை நாளும் அழாதவ, கதவைப் புடிச்சுக்கிட்டு அப்படி அழுதா.

கொஞ்ச நேரங் கழிச்சு டிராக்டர்காரன் வந்து, அம்மா, உங்க கையாலன்னு சாவிய நீட்டுனான். அவ கண்ணைத் தொடச்சுட்டு ரெண்டு கையாலயும் வாங்குனா.

எங்க வீட்டுக் கைன்னு அவரு சொன்னாருல்ல, அதைத்தான் யோசிச்சுட்டே வர்றேன். என்னைய மட்டுமே சொல்லியிருக்க மாட்டாருன்னு இப்பத் தோணுது. ரெண்டு பேரையும் சேத்துத்தான் சொல்லியிருப்பாரு. போர்டு என்னுதுதானே.

கிணத்துக்கடவு தாண்டியாச்சு, இனி சீக்கிரம் வந்துரும். எதுக்குப் போறேன்னு நான் சொல்லவேயில்லை பாருங்க. என்ற பையனுக்கு இன்னிக்குப் பொண்ணு உறுதி பண்றோம். உக்கடத்துல எறங்கிப் பக்கந்தான். அவனுக்கு வயசு ஏறிட்டே போவுது, பாத்த எடமெல்லாம் தட்டிப் போச்சு. அத்தனை தாம்பூலத் தட்டையும் நானே என்ற கையால பாத்துப் பாத்துக் கட்டிட்டுப் போனதுதான். ஏன் தட்டிப் போச்சுன்னு தெரியலை. சம்சாரமும் சொந்தமும் காலையிலயே வேன்ல போயிட்டாங்க. நான் இந்தப் பையில இருக்கறதுக்காக மயிலா வீட்டுக்குப் போனதுல வேனை விட்டுட்டேன். அங்க போனது சம்சாரத்துக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா என்னையக் கொன்னே போட்டுருவா.

மயிலாகிட்ட நானாக் கேக்கலை. கேட்டேன், பொய் எதுக்கு. வாசல்ல நின்னு, சும்மா இந்தப் பக்கம் வந்தேன், இந்த வெத்தலை பாக்கை ஒரு முடிச்சா முடிஞ்சு குடேன்னேன். அவ என்ற மொகத்தைப் பாத்து, எந்தக் கையாலண்ணா, வலதா, இடதான்னு கேட்டா. நான் அவ ரெண்டு கையையும் காட்டுனேன். கழுவிட்டு வந்து, மஞ்சத் துணியில வெச்சு, சுருக்கமில்லாம முடிஞ்சு குடுத்தா.

உக்கடம் வந்துருச்சு. அட, ஜன்னல் பக்கம் நல்லாத் திரும்பிப் பாக்கறீங்களே தம்பி, கழுத்து வந்துருச்சா? அதுக்குத்தான் சொன்னேன், கைராசி டாக்டரு ஆஸ்பத்திரி மேனேஜரு பக்கத்துல உக்காந்தாலே போதும். நான் எறங்கற வரைக்கும் இந்தப் பையக் கொஞ்சம் புடிங்க. ஒரு கையால இல்லீங்க, ரெண்டு கையாலயும். எங்க வீட்டுக் கை கட்டுனது.